படவெழுத்தும் பற்று வரவும்

சங்கச் செயலாளர் இம்மலருக்குக் கட்டுரை கேட்டபோது, வழக்கம்போல் கல்வெட்டைப் பற்றியோ பழைய கணக்கு நூல்களைப் பற்றியோ எழுதலாம் என்றிருந்தேன். அவர் விடவில்லை. "ஐயா, இந்த வருஷம் எல்லாருக்கும் உபயோகமா ஒண்ணு எழுதுங்க. நம்ம குழுவுல பெரியவங்க பாதிப் பேருக்கு அந்தச் சிரிப்புப் பொம்மை எங்க இருக்குன்னே தெரியல. மீதிப் பேர் தப்பான பொம்மையைப் போட்டுடறாங்க" என்றார். தப்பான பொம்மையைப் போட்டு நஷ்டப்பட்டவர்களில் நானும் ஒருவன். ஆகவே மறுக்க வழியில்லை. இமோஜி என்கிற படவெழுத்தைச் சுலபமாக இடும் வழிகளையும், இடுமுன் யோசிக்க வேண்டியதையும் எனக்குத் தெரிந்த அளவில் சொல்கிறேன்.

பெயரும் பிறப்பும்

இமோஜி என்ற சொல் ஆங்கிலத்தில் உணர்ச்சியைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது என்று பலர் நினைக்கிறார்கள். அது சரியல்ல. ஜப்பானிய மொழியில் 'எ' என்றால் படம், 'மோஜி' என்றால் எழுத்து. ஆக, படவெழுத்து என்பதே நேர்ப்பொருள். இசுசு, கோபெல்கோ, டாய்கின் என்று ஜப்பானியக் கம்பெனிகள் வரிசையாக நிற்கும் ஸ்ரீ சிட்டியில் இருக்கும் நமக்கு அந்த மொழியின் ஒரு சொல் தெரிந்திருப்பது நல்லதுதானே.

இதற்கு முன்னோடி ஒன்று உண்டு. 1982 செப்டம்பரில் அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் ஸ்காட் ஃபால்மன் என்னும் பேராசிரியர், முக்காற்புள்ளி, சிறுகோடு, அடைப்புக்குறி மூன்றையும் சேர்த்து :-) என்று ஒரு சிரித்த முகத்தை முன்மொழிந்தார். கணினியில் வேடிக்கையாக எழுதியதைச் சிலர் மெய்யென்று எடுத்துக்கொண்டு சண்டைக்கு வந்ததுதான் காரணம். "இது தமாஷ், கோபிக்க வேண்டாம்" என்று காட்ட ஒரு குறி வேண்டியிருந்தது. ஆக, தொடக்கமே தவறான புரிதலைத் தடுப்பதற்காகத்தான் என்பதை வாசகர்கள் மனத்தில் வைக்க வேண்டுகிறேன்.

பிறகு 1999இல் ஜப்பானின் என்.டி.டி. டோகோமோ நிறுவனத்துக்காக ஷிகெதாகா குரிதா என்பவரும் அவரோடு இருந்தவர்களும் 176 படங்களை உருவாக்கினார்கள். ஒவ்வொன்றும் 12க்கு 12, அதாவது 144 புள்ளிகளுக்குள் அடங்க வேண்டும். நம் வீட்டுப் பெண்கள் புள்ளி வைத்து எண்ணிக் கோலம் போடுவதைப் போன்ற வேலை. அந்த 176 படங்களையும் 2016இல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் தன் சேகரிப்பில் சேர்த்துக்கொண்டது.

போவது படமல்ல, எண்

நாம் ஒரு சிரித்த முகத்தை அனுப்பும்போது படம் எதுவும் போவதில்லை. ஓர் எண்தான் போகிறது. ஒருங்குறி எனப்படும் யூனிகோட் முறையில் உலகத்து எழுத்துகளுக்கெல்லாம் எண் கொடுத்திருக்கிறார்கள். நம் 'அ'வுக்கு 2949. கட்டைவிரலை உயர்த்திய படத்துக்கு 128077. எண்ணைப் பெறும் கைபேசி, தன்னிடமுள்ள எழுத்துருவிலிருந்து படத்தை எடுத்துக் காட்டுகிறது.

இதனால் இரண்டு விளைவுகள். ஒன்று, பழைய போனில் அந்த எண்ணுக்குப் படம் இல்லாவிட்டால் வெற்றுக் கட்டம்தான் தெரியும். அதைக் கணினிக்காரர்கள் வேடிக்கையாக டோஃபு, அதாவது சோயாக்கட்டி என்பார்கள். கூகுள் வெளியிட்ட நோட்டோ எழுத்துருவின் பெயரே "டோஃபு வேண்டாம்" என்பதன் சுருக்கம்தான். மற்றொன்று, நாம் அனுப்பிய உருவமும் அவர் பார்க்கும் உருவமும் ஒன்றாக இருக்கும் என்று சொல்ல முடியாது. 2016இல் ஆப்பிள் நிறுவனம் துப்பாக்கிப் படத்தை நீர்பீச்சும் பொம்மைத் துப்பாக்கியாக மாற்றியது. மற்ற பெரிய நிறுவனங்கள் 2018 வாக்கில்தான் மாற்றின. இடைப்பட்ட காலத்தில் ஒருவர் விளையாட்டாக அனுப்பிய பொம்மை, எதிராளியின் போனில் நிஜத் துப்பாக்கியாகத் தெரிந்திருக்கும்!

படவெழுத்துகள் ஒருங்குறியில் பெருமளவில் சேர்ந்தது 2010 அக்டோபரில் வந்த 6.0 பதிப்பில். அதே பதிப்பில்தான் நம் ₹ அடையாளமும் சேர்ந்தது. அதை வடிவமைத்தவர் தமிழரான டி. உதயகுமார். 2010 ஜூலை 15 அன்று மத்திய அரசு ஏற்றது. சிரிப்புப் பொம்மையும் ரூபாய்க் குறியும் ஒரே பதிப்பில் உள்ளே வந்தவை என்பது வியாபாரிகளுக்குச் சுவையான செய்தி.

கைபேசியில் இடும் வழிகள்

2015 ஆகஸ்டில் ஷியோமி நிறுவனத்தின் போன்கள் நம் ஸ்ரீ சிட்டி ஃபாக்ஸ்கான் ஆலையிலேயே பூட்டப்பட்டு வெளிவந்தன. செய்த ஊரில் இருந்துகொண்டு பயன்படுத்தத் தெரியவில்லை என்றால் நன்றாயிராது. எனவே வரிசையாகச் சொல்கிறேன்.

முதல் வழி: வாட்ஸ்அப்பில் எழுதும் பெட்டியின் ஓரத்திலேயே சிரித்த முகம் ஒன்று இருக்கும். அதைத் தொட்டால் படங்கள் விரியும். கடிகாரச் சின்னம் உள்ள பகுதியில் நாம் அண்மையில் பயன்படுத்தியவை இருக்கும். பெரும்பாலும் நமக்கு அதுவே போதும்.

இரண்டாவது: மற்ற இடங்களில் எழுதும்போது விசைப்பலகையிலேயே சிரிப்பு முக விசை இருக்கும். கூகுள் விசைப்பலகையில் அது தெரியாவிட்டால், காற்புள்ளி விசையை அழுத்திப் பிடித்தால் மேலே எழும்பும். ஐபோனில் கீழ்ப்பகுதியில் உள்ள முகம் அல்லது உருண்டைச் சின்னத்தைத் தொட வேண்டும்.

மூன்றாவது: தேடல் பெட்டி. இன்று 3,700க்கு மேற்பட்ட படவெழுத்துகள் உள்ளன. ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே போனால் கண் பூத்துவிடும். படங்களுக்கு மேலுள்ள தேடல் பெட்டியில் ரைஸ் என்று ஆங்கிலத்தில் தட்டினால் சோற்றுக் கிண்ணமும் நெற்கதிரும் முன்னே வந்து நிற்கும்.

நான்காவது, என் அனுபவத்தில் மிகச் சிறந்தது: சுருக்கெழுத்து. கூகுள் விசைப்பலகையின் அமைப்புகளில் அகராதி, அதனுள் சொந்த அகராதி என்று ஒரு பகுதி உண்டு. ஐபோனில் பொது அமைப்புகளுக்குள் விசைப்பலகைப் பகுதியில் இதே வசதி உண்டு. வேண்டிய படத்தை ஒரு கட்டத்திலும், அதற்கு நாமே வைக்கும் சுருக்கத்தை மறு கட்டத்திலும் இட்டுச் சேமிக்க வேண்டும். பிறகு அந்தச் சுருக்கத்தைத் தட்டினால் போதும், படம் வந்து நிற்கும். படம் மட்டுமல்ல, முழு வாக்கியத்தையே இப்படிச் சேமிக்கலாம். இதன் பயனைப் பின்னால் சொல்கிறேன்.

ஐந்தாவது: எழுதாமலே பதில் தருவது. ஒரு செய்தியை அழுத்திப் பிடித்தால் ஆறு படங்கள் வரிசையாக வரும். வாட்ஸ்அப்பில் இது 2022 மே மாதம் வந்தது. கட்டைவிரல், இதயம், கண்ணீர் வரச் சிரிக்கும் முகம், வியப்பு, அழும் முகம், கூப்பிய கை என்பது அந்த வரிசை. இது மிக வசதி, மிக ஆபத்தும் கூட. மூன்றாவதும் ஐந்தாவதும் இரண்டுமே கண்ணீர் முகங்கள். மூன்றாவது சிரித்துச் சிரித்து வரும் கண்ணீர். 2015இல் ஆக்ஸ்போர்டு அகராதிக்காரர்கள் அதையே அந்த ஆண்டின் சொல்லாக அறிவித்தார்கள். மூக்குக் கண்ணாடி இல்லாமல் துக்கச் செய்திக்கு மூன்றாவதைத் தொட்டுவிட்டால் என்ன ஆகும் என்று நான் விளக்க வேண்டியதில்லை. தொட்டது தவறென்று தெரிந்தால் கலங்க வேண்டாம். செய்திக்குக் கீழே ஒட்டியிருக்கும் அந்தப் படத்தைத் தொட்டு நீக்கிவிடலாம்.

கணினியில் இடும் வழிகள்

விண்டோஸ் 10, 11 உள்ள கணினியில் விண்டோஸ் விசையை அழுத்தியபடி முற்றுப்புள்ளி விசையைத் தட்டினால் படவெழுத்துப் பெட்டி திறக்கும். ஆப்பிள் கணினியில் கன்ட்ரோல், கமாண்ட், இடைவெளி ஆகிய மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்த வேண்டும். கணினியில் வாட்ஸ்அப் வைத்திருப்பவர்கள் முக்காற்புள்ளி இட்டு, இடைவெளி விடாமல் படத்தின் ஆங்கிலப் பெயரின் முதல் சில எழுத்துகளைத் தட்டினால் பொருந்தும் படங்கள் வரிசையாக வரும். மைக்ரோசாஃப்ட் வேர்டில் எழுதுகிறவர்களுக்கு எண் முறையும் உண்டு. அதை நம் தமிழ்க் குறிகளோடு சேர்த்துச் சொல்வதே பொருத்தம்.

நம்மிடம் முன்பே இருந்த குறிகள்

படவெழுத்து ஏதோ புதுமை என்று நம்ம பசங்க நினைக்கிறார்கள். ஒரு சொல்லுக்கு ஒரு சின்னம் என்னும் ஏற்பாடு நம் கணக்குப் பேரேட்டில் தலைமுறை தலைமுறையாக இருந்தது. என் தகப்பனார் அரிசி மண்டிக் கணக்கில் நாள் என்று எழுதியதை நான் பார்த்ததில்லை. ௳ என்பார். மாதத்துக்கு ௴, வருடத்துக்கு ௵, பற்றுக்கு ௶, வரவுக்கு ௷, மேற்படிக்கு ௸, ரூபாய்க்கு ௹, எண்ணுக்கு ௺. இவை எட்டும் 2003இல் வந்த ஒருங்குறி 4.0 பதிப்பில் சேர்ந்துவிட்டன. பழைய கல்யாணப் பத்திரிகை வைத்திருப்பவர்கள் எடுத்துப் பாருங்கள், முதல் மூன்றும் இருக்கும். கிரயப் பத்திரங்களில் ௸யார் என்று வருவதையும் பார்த்திருப்பீர்கள். 2019இல் வந்த 12.0 பதிப்பில் முந்திரி முதலான பின்னங்களுக்கும், உழக்கு, குறுணி, பதக்கு போன்ற அளவைகளுக்கும், காசு, பணம், பொன், வராகன் ஆகியவற்றுக்கும் தனி எண்கள் கிடைத்தன.

இவற்றை இடுவது எப்படி? வேர்டில் ஆல்ட் விசையை அழுத்திப் பிடித்துக்கொண்டு, விசைப்பலகையின் வலப்புறமுள்ள எண் பலகையில் 3065 என்று தட்டி விரலை எடுத்தால் ௹ விழும். நாளுக்கு 3059, மாதத்துக்கு 3060, வருடத்துக்கு 3061, பற்றுக்கு 3062, வரவுக்கு 3063, மேற்படிக்கு 3064, எண்ணுக்கு 3066. வரிசை எண்கள் ஆகையால் ஒன்றை நினைவில் வைத்தால் மற்றவை தாமே வரும். ₹ வேண்டுமானால் 8377. கணினியில் கிடைத்த குறியை உங்கள் கைபேசிக்கு நீங்களே அனுப்பிக்கொண்டு, மேலே சொன்ன சொந்த அகராதியில் சேர்த்துவிட்டால் போனிலும் வேண்டும்போது வரும்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். பேரேட்டுக் குறிகளால் யாரும் ஏமாந்ததில்லை. காரணம், எழுதுகிறவருக்கும் படிக்கிறவருக்கும் பொருள் முன்பே தெரியும். நெல் அளக்கும்போது முதல் மரக்காலை "ஒண்ணு" என்று சொல்லமாட்டோம், "லாபம்" என்போம். பிறகு "ரெண்டு, மூணு" என்று போகும். புதியவன் ஒருவன் "ஒண்ணு எங்கே போச்சு?" என்று கேட்பான். களத்திலிருப்பவன் கேட்கமாட்டான். மாட்டுச் சந்தையில் தரகர்கள் துண்டுக்கு அடியில் விரல் பிடித்து விலை பேசுவதும் அப்படியே. எந்த விரல் எவ்வளவு என்பது இருவருக்கும் பொது. அந்தப் பொதுத்தன்மை இல்லாத இடத்தில் விரல் வெறும் விரல்தான். இதை நான் பணம் கொடுத்துத்தான் கற்றேன்.

கட்டைவிரல் செலவு

இங்கே தொழிலாளர் விடுதி நடத்தும் ஒருவர் என்னிடம் மாதாமாதம் அரிசி வாங்குபவர். ஒரு நாள் காலை, "40 மூட்டை பொன்னி, போன மாச விலைக்கே அனுப்புங்க" என்று செய்தி போட்டிருந்தார். நான் எடை போட்டுக்கொண்டிருந்தேன். "பார்த்துவிட்டேன், பிறகு பேசுகிறேன்" என்ற எண்ணத்தில் கட்டைவிரலைத் தொட்டுவிட்டு வேலையைப் பார்த்தேன். அந்த மாதம் மூட்டைக்கு 70 ரூபாய் ஏறியிருந்தது. மறுநாள் விடியற்காலை அவர் வண்டி வந்து நின்றது.

விலையைச் சொன்னதும் அவர் போனை நீட்டினார். "நேத்தே விரல் காட்டிட்டீங்களே ஐயா. நான் அந்தக் கணக்குலதான் சாப்பாட்டு ரேட்டு பேசிட்டு வந்தேன்" என்றார். பொய் சொல்லுகிற மனிதர் அல்லர். என் மகனோ, "அப்பா, அது சும்மா பார்த்ததுக்கு அடையாளம். அக்ரிமென்ட் ஆகாது" என்றான். அவன் சொன்னதும் தவறில்லை.

சிறிது நேரம் கல்லாவில் உட்கார்ந்து யோசித்தேன். எங்கள் ஜைன மரபில் இல்லறத்தார்க்குரிய அணுவிரதங்கள் ஐந்து. அவற்றுள் வாய்மை விரதத்துக்கு வரும் குற்றங்களாகத் தத்துவார்த்த சூத்திரம் ஐந்தைச் சொல்கிறது. அவற்றில் ஒன்று கூடலேகக் கிரியை, அதாவது பொய்யான எழுத்தை உண்டாக்குதல். நான் பொய்யாக எதையும் எழுதவில்லைதான். ஆனால் என் கையால் ஓர் அடையாளம் போட்டு, அதை ஒருவர் நேர்மையாக நம்பி, அதன் மேல் தம் கணக்கையும் போட்ட பிறகு, "அதற்கு அந்தப் பொருள் இல்லை" என்று நான் மட்டும் இன்று சொன்னால், நேற்றுப் போட்ட அடையாளம் பொய்யாகிவிடாதா? பேரேட்டில் இட்ட ௷ ஒன்றை என் தகப்பனார் அடித்துத் திருத்தி நான் பார்த்ததில்லை.

அரிசியைப் பழைய விலைக்கே ஏற்றிவிட்டேன். 2,800 ரூபாய் நஷ்டம். கணக்கில் எந்தத் தலைப்பில் எழுதுவது என்று மகன் கேட்டான். "கட்டைவிரல் செலவு" என்று எழுதச் சொன்னேன். இன்றும் அந்த வரி அப்படியே இருக்கிறது.

இரண்டு நீதிமன்றங்கள்

இப்படி வேறு யாருக்காவது நேர்ந்ததா என்று பிறகு தேடிப் பார்த்தேன். கனடாவில் நேர்ந்திருக்கிறது. சஸ்காச்சுவான் மாகாணத்தில் 2021 மார்ச்சில் ஒரு தானிய நிறுவனம், சுமார் 86 டன் ஆளிவிதை வாங்கும் ஒப்பந்தத்தைப் படமெடுத்து ஒரு விவசாயிக்கு அனுப்பி, உறுதி செய்யும்படி கேட்டது. அவர் கட்டைவிரலை அனுப்பினார். விலை ஏறியது, விதை வரவில்லை. "ஒப்பந்தம் கிடைத்தது என்று சொல்லத்தான் போட்டேன்" என்றார் விவசாயி. நீதிமன்றம் முந்தைய நடைமுறையைப் பார்த்தது. முன்பெல்லாம் இதே போல் வந்த ஒப்பந்தங்களுக்கு அவர் "சரி" என்கிற மாதிரி ஒற்றைச் சொல்லில் பதில் போட்டுச் சரக்கையும் கொடுத்திருக்கிறார். அந்தச் சொல்லின் இடத்தில்தான் இந்த விரல் என்று 2023 ஜூனில் தீர்ப்பாயிற்று. சுமார் 82,200 கனடிய டாலர் கட்ட வேண்டியதாயிற்று. 2024 டிசம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றமும் பெரும்பான்மையாக அதையே உறுதி செய்தது.

இனி நம் பக்கத்து வழக்கு. மேகாலயாவில் ரயில்வே பாதுகாப்புப் படை அதிகாரி ஒருவர் கொலையான செய்தி 2018இல் ஒரு வாட்ஸ்அப் குழுவில் வந்தது. அப்படையின் காவலர் ஒருவர் அதற்குக் கட்டைவிரலைப் போட்டார். கொலையைக் கொண்டாடினார் என்று கூறி அவரை வேலையிலிருந்து நீக்கினார்கள். சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் இரு நீதிபதிகள் அமர்வு 2024 மார்ச்சில், அந்த விரலைச் செய்தியைப் பார்த்ததற்கான ஒப்புதலாகவே கொள்ள முடியும், கொண்டாட்டமாகக் கொள்ள முடியாது என்று கூறி, அவரை மீண்டும் பணியில் சேர்க்கும் உத்தரவை உறுதி செய்தது.

பாருங்கள், ஒரே விரல். ஓரிடத்தில் கையெழுத்துக்குச் சமம், மற்றோரிடத்தில் "பார்த்தேன்" என்பதற்கு மேல் ஒன்றுமில்லை. இரண்டு தீர்ப்பும் என் அறிவுக்கு எட்டியவரை சரியானவையே. குறியின் பொருள் குறிக்குள் இல்லை. இருவருக்கும் இடையே இருந்துவரும் வழக்கத்தில் இருக்கிறது. கூப்பிய கையைப் பாருங்கள். ஜப்பானியருக்கு அது நன்றியும் வேண்டுகோளும். நமக்கு வணக்கம். மரணச் செய்தியின் கீழ் அது அஞ்சலி. எங்கள் மன்னிப்பு நாளில் அது "பிழை பொறுங்கள்". தெலுங்கு, தமிழ், இந்தி, ஜப்பானியம் எல்லாம் ஒரே கேட்டில் நுழையும் நம் ஊரில் படவெழுத்து பெரிய உதவி என்பதில் ஐயமில்லை. அதே காரணத்தால் பொருள் மாறிப்போக இங்கே வாய்ப்பும் அதிகம்.

முடிவாக

எனக்கு நானே வைத்துக்கொண்ட சில விதிகளை அன்பர்களுக்குச் சொல்லி முடிக்கிறேன். வாழ்த்துக்கும் வேடிக்கைக்கும் நலம் விசாரிப்புக்கும் தாராளமாகப் படம் போடுங்கள். பேரப்பிள்ளைகளுக்கு அது சந்தோஷம், நமக்கும்தான். பணம், சரக்கு, தேதி, வாக்குறுதி என்று வந்தால் சொல்லால் எழுதுங்கள். மரணச் செய்திக்கு ஒரு வரியாவது எழுத்தில் எழுதுங்கள். படம் போட்டே ஆக வேண்டுமென்றால், சொல்லை முன்னால் வைத்துப் படத்தைப் பின்னால் வையுங்கள்.

நேரமில்லை என்பவர்களுக்கு அந்தச் சொந்த அகராதி இருக்கிறது. 'பார்' என்று தட்டினால் "பார்த்தேன், விலை பிறகு சொல்கிறேன்" என்றும், 'சம்' என்று தட்டினால் "சம்மதம். மூட்டை எண்ணிக்கை, விலை, தேதி கீழே" என்றும் என் போனில் வருகிறது. இரண்டுமே விரல் காட்டுகிற நேரத்துக்குள் முடிந்துவிடும். விடுதிக்காரர் இன்றும் என்னிடம்தான் அரிசி வாங்குகிறார். இப்போது அவரும் 'சம்மதம்' என்றே எழுதுகிறார், கீழே ௹ குறியோடு. அந்தக் குறி எங்கே இருக்கிறது என்று அவருக்குக் காட்டிக் கொடுத்தவன் அடியேன்.

இக்கட்டுரையில் பிழை இருப்பின் பெரியோர் பொறுத்தருள்க. கூப்பிய கையின் படம் அச்சில் எப்படி விழுமோ தெரியாது. ஆகையால் எழுத்திலேயே சொல்லிவிடுகிறேன்: அனைவருக்கும் வணக்கம்.